சேறாகிப்போன வானம்

பென்சில் கோட்டுக்குள் பத்திரமாக நீர்வண்ணம் நிரப்பிக்கொண்டிருந்தவன் நான். ஒரு நாள் துணிந்து, தாளை முழுக்க நனைத்து, கோடே இல்லாமல் அந்தி வானம் வரைந்தேன். ஆரஞ்சும் நீலமும் கலந்து பழுப்புச் சேறாகிவிட்டது. அழுகையே வந்தது. நல்லவேளை, கிழித்துப் போடவில்லை.

மறுநாள் உற்றுப் பார்த்ததும் காரணம் புரிந்தது. இரண்டும் எதிர் வண்ணங்கள். கலந்தால் ஒன்றையொன்று மங்கடிக்கும். தண்ணீரும் தேங்கியிருந்தது. சரி என்று 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த தாளைச் சிறு துண்டுகளாக வெட்டி, தினம் ஒரு வானம் மட்டும் போட்டேன். தாளின் பளபளப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். ஆரஞ்சுக்கும் நீலத்துக்கும் நடுவே இளஞ்சிவப்பைத் தீட்டினேன். தூரிகையில் தாளைவிட ஈரம் கூடினால் காலிஃபிளவர் மாதிரி திட்டு விழும். அதையும் கெடுத்துத்தான் கற்றேன். 11-வது துண்டில் வானம் தெளிவாக நின்றது. அந்தச் சேற்று வானம் இன்னும் என் மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறது.