ரோம் வரலாற்றைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வினாடி வினாப் போட்டிக்கான கேள்விகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது இப்படி ஒன்று கண்ணில் பட்டது: ‘ஆண்டுக்கு முன்பு பத்து மாதங்களே இருந்தன. அதைப் பன்னிரண்டாக்கிய இரண்டு ரோமானிய மன்னர்கள் யார்?’ பக்கத்திலேயே விடையும் இருந்தது: ‘ஜூலியஸ் சீசர், அகஸ்டஸ். தங்கள் பெயரில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைச் சேர்த்தார்கள்.’ பள்ளியில் நானும் இப்படித்தான் படித்தேன். சீசர் மன்னர் அல்ல. அவர்கள் எந்த மாதத்தையும் சேர்க்கவும் இல்லை. ரோமைப் பற்றி நம்மிடையே உலவும் பிழைகள் பெரும்பாலும் இந்த வகைதான். பல நூறு ஆண்டுகள் மெல்ல மெல்ல நடந்ததை ஒரே ஆளின் தலையில், அல்லது ஒரே நாளின் தலையில் கட்டிவிடுகிறோம்.

மாதக் கணக்கிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் ரோம் நமக்கு விட்டுச்சென்றவற்றில் நாம் தினமும் கையாள்வது அதைத்தான். செப்டம்பர் என்ற பெயருக்குள் லத்தீனில் ஏழு என்ற எண் இருக்கிறது. அக்டோபரில் எட்டு, நவம்பரில் ஒன்பது, டிசம்பரில் பத்து. நடுவில் இரண்டு மாதங்கள் நுழைந்ததால்தான் ஏழாவது ஒன்பதாவதாகிவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் பிறந்தது. மார்ச்சிலிருந்து எண்ணினால் செப்டம்பர் ஏழாவதுதான். ஜனவரியும் பிப்ரவரியும் சீசர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தன. ஜூலைக்கு அப்போது ஐந்தாம் மாதம் என்ற பொருளில் குவின்டிலிஸ் என்று பெயர்; ஆகஸ்டுக்கு ஆறாம் மாதம் என்ற பொருளில் செக்ஸ்டிலிஸ். முதலாவதற்கு கி.மு. 44இலும் அடுத்ததற்கு கி.மு. 8இலும் பெயர் மாற்றினார்கள். நடந்தது அவ்வளவுதான்.

இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு கதையும் வரும்: ‘சீசர் மாதத்துக்கு 31 நாள் இருக்கும்போது என் மாதத்துக்குக் குறையலாமா’ என்று அகஸ்டஸ் பிப்ரவரியிலிருந்து ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டாராம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கணக்கு ஒத்துவராது. பழைய ரோமானிய ஆண்டுக்கு 355 நாட்கள். அதிலேயே பிப்ரவரிக்கு 28தான். சீசர் பத்து நாட்களைக் கூட்டி 365 ஆக்கியபோது ஜனவரி, செக்ஸ்டிலிஸ், டிசம்பர் மூன்றுக்கும் இரண்டிரண்டு நாட்களும், ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் நான்குக்கும் ஒவ்வொரு நாளும் சேர்த்தார். ஆகஸ்டின் 31 நாட்கள் அந்தப் பெயர் வருவதற்கு முன்பே வந்துவிட்டவை.

சீசர் செய்த உண்மையான வேலை இந்தக் கட்டுக்கதையைவிடப் பெரியது. பழைய முறையில் அவ்வப்போது கூடுதல் மாதம் சேர்த்துச் சரிக்கட்டும் பொறுப்பு பூசாரிகளிடம் இருந்தது. அவர்கள் அரசியல் காரணங்களுக்காகச் சேர்த்தார்கள், சேர்க்காமலும் விட்டார்கள். கடைசியில் நாட்காட்டியும் பருவமும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போயின. அதை நேராக்க கி.மு. 46ஆம் ஆண்டை 445 நாட்களுக்கு நீட்டவேண்டியிருந்தது. அடுத்த ஆண்டிலிருந்து நான்கு ஆண்டுக்கு ஒரு லீப் நாள். ஆனால் சீசர் இறந்தபின் பூசாரிகள் ‘நான்காம் ஆண்டு’ என்பதைத் தொடங்கிய ஆண்டையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை இறந்த இயேசு ஞாயிற்றுக்கிழமை எழுந்ததை ‘மூன்றாம் நாள்’ என்கிறோமே, அதே எண்ணும் முறைதான். விளைவு, மூன்றாண்டுக்கு ஒருமுறை லீப் நாள் வந்தது. அகஸ்டஸ் இதைக் கண்டறிந்து சில லீப் நாட்களை நிறுத்திவைத்துச் சரிசெய்தார். ஆகஸ்ட் மாதத்தோடு அவரை இணைத்துச் சொல்ல வேண்டுமென்றால் இந்தத் திருத்தத்தைச் சொல்வதுதான் நியாயம்.

சீசர் சக்கரவர்த்தி அல்ல

நம் மேடைப் பேச்சுகளில் ‘சக்கரவர்த்தி ஜூலியஸ் சீசர்’ என்று சாதாரணமாக வரும். இதைச் சின்னப் பிழையாக நான் நினைக்கவில்லை. அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டால் அவரை ஏன் கொன்றார்கள் என்பதே புரியாமல் போய்விடும். மரபுவழிக் கணக்குப்படி கி.மு. 509இல் ரோமானியர் தங்கள் கடைசி மன்னரைத் துரத்தினார்கள். அதன்பிறகு மன்னர் என்ற சொல்லே அங்கே வசையாகிவிட்டது. சீசர் வகித்தது சர்வாதிகாரி என்ற பதவி. நெருக்கடிக் காலத்தில் சில மாதங்களுக்கு மட்டும் ஒருவருக்குத் தருவதற்காக ஏற்பட்டது. அதை அவர் கி.மு. 44இல் ஆயுள் முழுவதற்கும் ஆக்கிக்கொண்டார். இவர் மன்னராகப் போகிறார் என்று அஞ்சிய செனட் உறுப்பினர்கள் அதே ஆண்டு மார்ச் 15 அன்று அவரைக் குத்திக் கொன்றார்கள். கொலை நடந்தது வழக்கமான செனட் கட்டடத்தில்கூட அல்ல; பாம்பே என்ற ரோமானியத் தளபதி கட்டிய அரங்க வளாகத்தின் மண்டபத்தில், அந்தப் பாம்பேயின் சிலை இருந்த இடத்தருகே.

ஒருவரைக் கொன்றால் பழைய குடியரசு திரும்பிவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். அதன்பின் உள்நாட்டுப் போர்கள்தான் வந்தன. கடைசியில் எஞ்சியவர் சீசரின் சுவீகாரப் பிள்ளை ஆக்டேவியன். கி.மு. 27இல் அவருக்கு அகஸ்டஸ் என்ற பட்டம் கிடைத்தது. அவரும் தன்னை மன்னர் என்று சொல்லிக்கொள்ளவில்லை, ‘முதல் குடிமகன்’ என்றே சொல்லிக்கொண்டார். செனட் கூடியது, தேர்தல் நடந்தது, பதவிப் பெயர்கள் அப்படியே இருந்தன. அதிகாரம் மட்டும் ஒரு கைக்குப் போய்விட்டது. குடியரசு எப்படிச் செத்தது என்பதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ‘சக்கரவர்த்தி சீசர்’ என்ற இரண்டு சொற்கள் அதை மூடிவிடுகின்றன.

சீசர் என்ற குடும்பப் பெயர் பிறகு பதவிப் பெயராயிற்று. ஜெர்மனியின் கைசர், ரஷ்யாவின் ஜார் இரண்டும் அதிலிருந்து வந்தவை. தமிழ் விவிலியத்தில் ‘இராயனுடையதை இராயனுக்கு’ என்று வருகிற இராயனும் சீசர்தான், ஆனால் ஜூலியஸ் அல்ல. அப்போது ஆண்டவர் திபேரியுஸ். அந்த திபேரியுஸின் தலை பொறித்த வெள்ளிக் காசுகள் கோயம்புத்தூர் வட்டாரத்தில் புதையல்களாகக் கிடைத்திருக்கின்றன.

சிசேரியன் அறுவைச் சிகிச்சையில் சீசர் பிறந்தார் என்பதும் சரியல்ல. அந்தக் காலத்தில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுப்பது இறந்துபோன தாய்க்குத்தான். சீசரின் தாய் அவுரேலியா, மகன் பெரிய தளபதியாகும்வரை உயிரோடு இருந்தார்.

ரோம் எரிந்தபோது பேரரசர் நீரோ பிடில் வாசித்த கதைக்கும் இதே கதிதான். கி.பி. 64 ஜூலையில் ரோம் பற்றி எரியத் தொடங்கியபோது அவர் அன்டியம் என்ற கடற்கரை ஊரில் இருந்தார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார்; பிடில் என்ற கருவியே அப்போது கிடையாது. அதற்காக நீரோவை நல்லவராக்கிவிடவும் வேண்டாம். பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போட்டு அவர்களைக் கொடூரமாகக் கொன்றார், எரிந்த நிலத்தில் தனக்குப் பொன்மாளிகை கட்டிக்கொண்டார். அந்த மாளிகையின் ஏரி இருந்த இடத்தில்தான் பின்னால் பேரரசர் வெஸ்பாசியன் கொலோசியம் என்ற மாபெரும் சண்டை அரங்கைத் தொடங்கினார், கி.பி. 80இல் அது திறக்கப்பட்டது. அங்கே சண்டையிட்ட வீரர்களும் ஒவ்வொரு முறையும் சாகும்வரை சண்டையிடவில்லை. பயிற்சிக்கும் உணவுக்கும் வைத்தியத்துக்கும் முதலாளி பணம் போட்டிருந்தார். தோற்றவர் பலர் உயிரோடு திரும்பினார்கள். கட்டைவிரலைக் கீழே காட்டினால் சாவு என்ற காட்சியை நம் மனதில் பதியவைத்தது 1872இல் ஜெரோம் என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த படம்.

ரோமானியர் என்றால் யார்

இத்தாலியில் பிறந்து லத்தீன் பேசியவர் மட்டுமே ரோமானியர் என்று எடுத்துக்கொள்வது அடுத்த சறுக்கல். பேரரசர் டிராஜன் ஸ்பெயினில் பிறந்தவர். செப்டிமியஸ் செவரஸ் இன்றைய லிபியாவில் உள்ள லெப்டிஸ் மாக்னா ஊர்க்காரர். மார்கஸ் அவுரேலியஸ் தன் சிந்தனைகளைக் கிரேக்க மொழியில் எழுதினார். இன்றைய துருக்கியில் இருக்கும் தர்சு நகரத்து யூதரான பவுல், தன்னைச் சாட்டையால் அடிக்கப் போனபோது நான் ரோமக் குடிமகன் என்று சொல்லித் தடுத்தார். கி.பி. 212இல் பேரரசர் கரகல்லா, பேரரசுக்குள் வாழ்ந்த ஏறத்தாழ எல்லாச் சுதந்திர மனிதருக்கும் குடியுரிமை கொடுத்தார். அது ஓர் இனத்தின் பெயராக இருக்கவில்லை, சட்டத்தில் ஒருவருக்கு இருந்த இடத்தின் பெயராக இருந்தது.

இது புரிந்தால்தான் சங்கப் பாடல்களின் யவனரும் புரிவார்கள். ‘யவனர்’ என்று கண்டதும் ‘ரோமானியர்’ என்று உரை எழுதிவிடுகிறோம். அந்தச் சொல்லின் வேர் அயோனியா, கிரேக்கர் வாழ்ந்த பகுதி. பொன்னோடு சேரர் துறைமுகமான முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பிய கலங்களில் பெரும்பாலானவை எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து புறப்பட்டவை. எகிப்து அப்போது ரோமின் மாகாணம், அங்கே வணிகம் நடந்த மொழி கிரேக்கம். முசிறி வணிகம் தொடர்பாக நமக்குக் கிடைத்திருக்கும், பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய கடன் ஒப்பந்தமும் கிரேக்கத்தில்தான் இருக்கிறது. அதன் மறுபக்கம் ஹெர்மபொல்லன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. அந்தத் துறைகளில் ஒன்றான பெரனிகேயில், ஒரு கோயில் தரையில் புதைந்திருந்த இந்தியப் பானைக்குள் ஏழரைக் கிலோ கருமிளகு கிடைத்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய நம் கரை மிளகு!

ஆனால் இந்தப் பெருமிதம் ஓர் அடி தாண்டினால் தவறாகிவிடும். ரோமானியக் காசு கிடைத்த இடத்தில் ரோமானியர் ஆண்டார்கள், குடியிருந்தார்கள் என்று அர்த்தம் இல்லை. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் அகழாய்வு செய்த தொல்லியலாளர் வீலர், ரோம வணிகம் வந்தபின் எழுந்த ஊராக அதைக் கண்டார். 1989க்குப் பிறகு அங்கே மீண்டும் தோண்டியபோது ஊர் அதற்கு முன்பே உயிரோடு இருந்தது தெரிந்தது. வெளியிலிருந்து வந்தவை என்று அவர் நினைத்த சக்கரக் கோட்டுப் பானை ஓடுகளும் இந்திய மண்ணில் வனைந்தவை என்றே இன்று கருதப்படுகிறது. கப்பல் வந்ததால் ஊர் பிறக்கவில்லை. ஊர் இருந்ததால்தான் கப்பல் வந்தது.

கல்லை மட்டும் பார்ப்பது

‘ரோமானியக் கான்கிரீட்டின் ரகசியம்’ என்று ஆண்டுக்கு நான்கு காணொளிகளாவது வருகின்றன. எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்த அந்தக் கலவை அருமையானதுதான். பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் முடிந்த பாந்தியன் கோயிலின் குவிமாடம் 43 மீட்டர் அகலம், உள்ளே ஒரு கம்பிகூட இல்லை, இன்றும் நிற்கிறது. ஆனால் நின்றவற்றை மட்டும் எண்ணி ‘அந்தக் காலத்தில் எதுவும் விழாது’ என்று சொல்லக் கூடாது. ரோம் நகரத்து ஏழைகள் குடியிருந்த பல மாடிக் கட்டடங்கள் இடிந்து விழுவதும் தீப்பிடிப்பதும் அன்றாடச் செய்தி. கி.பி. 27இல் ஃபிடேனே என்ற ஊரில் மர அரங்கு சரிந்து 50,000 பேர் செத்தும் காயப்பட்டும் போனார்கள் என்று டாசிட்டஸ் குறித்திருக்கிறார்.

நீர்க்கால்வாய் என்றதும் வளைவுகள் மட்டும் நினைவுக்கு வருவதும் அப்படித்தான். ரோமுக்குத் தண்ணீர் கொண்டுவந்த அக்வா மார்சியா என்ற கால்வாய் சுமார் 91 கிலோமீட்டர் நீளம், அதில் 80 கிலோமீட்டர் நிலத்துக்கடியில் ஓடியது. வெளியே தெரிந்த வளைவு கடைசிக் கொஞ்ச தூரம்தான். தண்ணீர் தானாக வந்துவிடவும் இல்லை. கி.பி. 97இல் நகரின் நீர் வழங்கல் பொறுப்பை ஏற்ற ஃபிரான்டினஸ், பராமரிப்பு வேலைக்கு இருந்த ஆட்களின் கணக்கைக் கொடுக்கிறார்: 240 பேர் அரசுக்குச் சொந்தம், 460 பேர் பேரரசருக்குச் சொந்தம். அந்த எழுநூறு பேரும் அடிமைகள். ரோமின் பொறியியலைப் புகழும்போது இந்த எண்ணை விடுவது நேர்மையல்ல என்று நான் நினைக்கிறேன்.

476இல் எல்லாம் முடிந்ததா

‘கி.பி. 476இல் ரோமப் பேரரசு வீழ்ந்தது.’ இந்த வரியை எழுதுபவர்கள் ‘மேற்கு’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தாலே பாதிப் பிழை போய்விடும். அந்த ஆண்டு ஒடோவாசர் என்ற தளபதி, ரோமுலஸ் அகஸ்டுலஸ் என்ற இளவயதுப் பேரரசரைப் பதவியிலிருந்து இறக்கினார். கொல்லக்கூட இல்லை. கிழக்கே கான்ஸ்டான்டினோபிளில் பேரரசு மேலும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள், 1453 மே 29இல் துருக்கிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் நகரைப் பிடிக்கும்வரை தொடர்ந்தது. பைசாண்டியம் என்பது பிற்காலத்து ஐரோப்பிய அறிஞர்கள் அதற்கு இட்ட பெயர். அங்கே வாழ்ந்தவர்கள் கடைசிவரை தங்களை ரோமானியர் என்றே அழைத்துக்கொண்டார்கள். அண்டைய முஸ்லிம் நாடுகளுக்கும் அது ‘ரூம்’ தான். அந்த மண்ணில் வாழ்ந்ததால்தான் கவிஞர் ஜலாலுதீன், ரூமி ஆனார்.

ரோமின் மிக நீண்ட ஆயுள் கொண்ட சொத்தான சட்டம் தொகுக்கப்பட்டதும் 476க்குப் பிறகுதான். 529க்கும் 534க்கும் இடையில் பேரரசர் ஜஸ்டினியன் கான்ஸ்டான்டினோபிளில் அதைச் செய்வித்தார். அது பின்னர் இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் பாடமாகி, ஹாலந்து நாட்டுச் சட்டத்தோடு கலந்து, ஒல்லாந்தர் கப்பலில் இலங்கைக்கு வந்தது. 1796இல் ஆங்கிலேயர் வந்தபிறகும் அது நீங்கவில்லை. ரோமன்-டச்சுச் சட்டம் இன்றும் இலங்கையின் பொதுச் சட்டம். ஒருவரின் கவனக்குறைவால் நட்டப்பட்டவர் கொழும்பில் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டால், அதன் வேர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் அக்குவிலியச் சட்டம். பிறர் பொருளைக் கெடுத்தவர் ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை அதில்தான் இருக்கிறது. அதன் முதல் பிரிவு சொல்வது இது: பிறருடைய அடிமையையோ கால்நடையையோ அநியாயமாகக் கொன்றவர், அந்த ஆண்டில் அதற்கு இருந்த உச்ச விலையை உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும். அடிமையும் ஆடுமாடும் அங்கே ஒரே வரியில் இருக்கிறார்கள்.