வாரக் குளிசையும் வாதக் கிளினிக்கின் வேறு சில தவறுகளும்

போன செவ்வாய்க்கிழமை, புதிதாக வந்த இளம் டொக்டர் ஒருவர் எழுதிய கிளினிக் கொப்பியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கையெழுத்து அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் இன்டர்னாக இருந்தபோது எழுதியதை அப்படியே திருப்பி எழுதி வைத்திருந்தார். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மூட்டுநோயாளரைப் பார்க்கத் தொடங்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அலர்ஜி கேளுங்கள், பிரஷர் பாருங்கள் என்பதெல்லாம் இதில் வராது. அவை உங்களுக்குத் தெரியும்.

மெத்தோட்ரெக்சேட்டை மற்ற மருந்துகளோடு ஒரே வரிசையில் எழுதுவது

முடக்குவாதத்துக்கு இன்று எத்தனையோ புது ஊசிகள் வந்துவிட்டன. இருந்தும் முதலில் கையில் எடுப்பது இந்தப் பழைய மருந்தைத்தான். விலை குறைவு, நன்றாக வேலை செய்யும். முக்கிய நிபந்தனை, வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டும்.

படுவான்கரையிலிருந்து ஒரு அம்மா வருவார், பன்பாய் இழைப்பவர். விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் ஒன்றரை மணி நேரம் கையை மடக்க முடியாது. பெரிய டொக்டர் சொன்னபடி 2.5 மில்லிகிராம் குளிசை நான்கு, வாரம் ஒரு தடவை என்று நான்தான் எழுதினேன். அதற்கு மேலே நான்கு மருந்துகள், எல்லாமே தினமும் காலையில் எடுப்பவை. ஐந்தாவதாக மெத்தோட்ரெக்சேட், ஓரத்தில் வாரம் என்பதற்கு ஒரு ஆங்கிலச் சுருக்கம். மருந்து கொடுத்த இடத்தில் அந்தச் சுருக்கம் யார் கண்ணிலும் படவில்லை. கடதாசி உறையில் ‘காலை 4’ என்று போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்கு 32 குளிசை.

எட்டு நாளில் முடிந்துவிட்டது.

வாயெல்லாம் புண். அவர் அதைச் சூடு என்று நினைத்து இளநீரும் மோரும் குடித்துக்கொண்டு மூன்று நாள் வீட்டில் இருந்திருக்கிறார். காய்ச்சலோடு வாட்டுக்கு வந்தபோது வெள்ளணுக்கள் 1,100, பிளேட்லெட் 38,000, இரண்டுமே ஆபத்தான அளவுக்குக் குறைவு. மெத்தோட்ரெக்சேட்டின் நச்சை முறிக்கும் போலினிக் அமில ஊசி, அன்டிபயோட்டிக், தனி அறை. பிழைத்துக்கொண்டார். கட்டிலருகே நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றபோது கோபமே இல்லாமல் கேட்டார்: “நீங்கதானே மனே எழுதித் தந்தீங்க, நான் ஒரு நாளும் விடாம எடுத்தேன்.”

அதன்பின் அந்த மருந்தை அவர் தொடவில்லை. இரண்டு வருடத்தில் விரல்கள் கோணிவிட்டன. பாய் இழைப்பதும் நின்றுபோனது.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இதே தவறால் உலகெங்கும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 இல், எந்தக் கிழமை என்பதை மருந்துச் சீட்டிலேயே எழுதச் சொன்னது. இத்தனைக்குப் பிறகும் போன செவ்வாய் அதே ஓரம், அதே சுருக்கம். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

நான் இப்போது செய்வது இது. கிழமையை நோயாளியையே தெரிவுசெய்யச் சொல்வேன். காத்தான்குடி உம்மா ஒருவர் ஜும்ஆ நாள் மறக்காது என்றார். களுவாஞ்சிகுடி ஐயா ஒருவர் வெள்ளி விரதம், வேண்டாம், ஞாயிறு என்றார். அதைத் தமிழில் பெரிதாக, மற்ற மருந்துகளுக்குக் கீழே தனிக் கட்டத்தில் எழுதுவேன்: ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும், 4 குளிசை’. முதல் தடவை நான்கு வாரத்துக்கு மேல் கொடுப்பதில்லை. அந்த அம்மாவிடம் 16 குளிசைதான் இருந்திருந்தால் நாலாம் நாளே உறையோடு திரும்பி வந்திருப்பார். பக்கவிளைவைக் குறைக்கக் கொடுக்கும் போலிக் அமிலம் வேறு நாளில். இரண்டுமே பெரும்பாலும் சின்ன மஞ்சள் குளிசைகள், ஒரே உறையில் போட விடாதீர்கள். கடைசியாக, “எப்ப எடுப்பீங்க?” என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்லவைப்பேன். “நோவு கூடின நாளில ரெண்டு கூட எடுப்பன்” என்று சொன்னவரும் உண்டு. அவர் அதை நோவுக் குளிசையாக நினைத்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்று. இந்த மருந்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. கிரியட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை) பார்க்காமல் தொடங்கவேண்டாம். சலக்கடுப்புக்கு வேறெங்காவது கோ-ட்ரைமொக்சசோல் என்ற அன்டிபயோட்டிக்கை எழுதிக் கொடுத்தால், வாரம் ஒரு தடவை ஒழுங்காக எடுப்பவருக்கும் இரத்த அணுக்கள் விழுந்துவிடலாம்.

இரத்தச் சோதனையில் ஆர்.எப். (முடக்குவாதக் காரணி) பொசிட்டிவ் என்றால் முடக்குவாதம் என்று முடிவுகட்டுவது

2006 இன் கடைசியில் சிக்கன்குன்யா கிழக்கில் பரவியபோது, மாதக்கணக்கில் கைகால் மூட்டு வீங்கி நடந்தவர்களை இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு வரும் வாதம் முடக்குவாதம் போலவே வேஷம் போடும். ஆர்.எப். வயதானவர்களிலும், காசநோயிலும், தொழுநோயிலும், ஒரு நோயும் இல்லாதவர்களிலும்கூட பொசிட்டிவாக வரும். அன்டி-சி.சி.பி. என்ற இரத்தச் சோதனை இதைவிட நம்பகமானது. ஆனால் 2010 இல் வந்த முடக்குவாத வகைப்படுத்தல் விதிகளே முதலில் கேட்பது வீங்கிய மூட்டைத்தான். கடதாசியைப் பார்க்க முன் கையைப் பிடித்துப் பாருங்கள். எப்போது காய்ச்சல் வந்தது, வீட்டில் வேறு யாருக்கும் வந்ததா என்றும் கேளுங்கள்.

பிரெட்னிசலோனைத் தொடங்கிவிட்டு மறந்துபோவது

பிரெட்னிசலோன் ஒரு ஸ்டீரொயிட். பாலம்தான் அது, அதன்மேல் வீடு கட்டக்கூடாது. மெத்தோட்ரெக்சேட் வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை ஆகும். அதுவரை தாங்கத்தான் இந்த ஸ்டீரொயிட். முடிந்தளவு விரைவில் குறைத்து நிறுத்து என்பதுதான் 2022 ஐரோப்பிய வழிகாட்டியும் சொல்வது. கொப்பியில் தொடங்கிய திகதி மட்டும் இருந்து நிறுத்தும் திகதி இல்லையென்றால், அடுத்த டொக்டர் ‘அதே மருந்து’ என்று எழுதுவார், அவருக்கு அடுத்தவரும் அதையே எழுதுவார்.

‘கொஞ்சம் பரவாயில்லை’யோடு திருப்திப்படுவது

மூன்று மாதத்தில் முன்னேற்றம் இல்லையா, ஆறு மாதத்தில் நோய் அடங்கவில்லையா, சிகிச்சையை மாற்றுங்கள். மூட்டுகளை எண்ணி எழுதாவிட்டால் முன்னேறியதா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? மெத்தோட்ரெக்சேட் குளிசை வாரத்துக்கு 15 மில்லிகிராமைத் தாண்டினால் குடல் உறிஞ்சும் வீதம் குறையும். அந்த மருந்தையே தோலுக்கடியில் ஊசியாகக் கொடுத்தால் சிலருக்குப் புது மருந்தே தேவைப்படாது.

காசநோயைத் தேடாமல் புது மருந்து தொடங்குவது

டி.என்.எப். என்ற, வீக்கத்தைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் ஊசிக்கும் சரி, டொபசிட்டினிப் போன்ற குளிசைகளுக்கும் சரி, முதலில் நெஞ்சு எக்ஸ்ரேயும் மறைந்திருக்கும் காசநோய்க்கான சோதனையும். டொபசிட்டினிப்பில் வேறொரு எச்சரிக்கையும் உண்டு. 50 அல்லது அதற்கு மேல் வயதாகி, இதயநோய்க்கான ஆபத்துக் காரணி ஒன்றாவது இருந்தவர்களிடம் செய்த பெரிய ஆய்வு 2022 இல் வெளியானது. டி.என்.எப். ஊசி போட்டவர்களைவிட இதை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் புற்றுநோயும் கூடுதலாக வந்தன. சிகரெட் விடாத ஐயாவுக்கு எழுத முன் யோசியுங்கள்.

யூரிக் அமிலம் கூட இருந்தால் கௌட்

இல்லை. கௌட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வாதம்) நோவு உச்சத்தில் இருக்கும்போது இரத்தத்தில் அந்த அமிலம் சாதாரண அளவிலும் இருக்கலாம்.

கர்ப்பம் என்றதும் எல்லா மருந்தையும் நிறுத்துவது

லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) உள்ள பெண், அதற்கு எடுக்கும் ஹைட்ரொக்சிக்ளோரோகுயினைத் தொடர வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டைத்தான் நிறுத்த வேண்டும், அதுவும் கர்ப்பம் தரிக்க முன்பே. ஆகவே கல்யாணப் பேச்சு நடக்கிறதா என்று தாய்மாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள்.