டர்பனில் எக்கினேசியா: விதைக்கு ஒரு மாதக் குளிர்காலம்

நடுவில் முள்முள்ளான கூம்பு, அதைச் சுற்றித் தொங்கும் ஊதா இதழ்கள். இதுதான் எக்கினேசியா. கிரேக்க மொழியில் முள்ளெலிக்கான சொல்லிலிருந்து வந்த பெயர். கூம்பைத் தடவிப் பார்த்தால் காரணம் புரியும்.

வடஅமெரிக்கச் செடி என்பதால், விதைப் பொட்டலத்தில் ‘மார்ச், ஏப்ரலில் விதைக்கவும்’ என்று அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பாதீர்கள். டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்காவில் பருவங்கள் தலைகீழ்: ஜூலை குளிர்காலம், நமக்கு வசந்தம் செப்டம்பரில்தான் வருகிறது.

முதலில் குளிர். சொந்த மண்ணில் இந்த விதை பனிக்காலம் முழுவதும் ஈரமண்ணில் கிடந்து பிறகே முளைக்கும். டர்பனின் ஜூலை அதற்குப் போதாது. ஜூலை இறுதியில் விதைகளை ஈர மணலில் பிசறி, மூடிய டப்பாவில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் நான்கு வாரம் வையுங்கள். உறையவைக்கும் அறையில் அல்ல, கீழ்த்தட்டில். டப்பாவின்மேல் பெயர் எழுதுங்கள். நான் எழுதவில்லை, கெட்டுப்போன வெந்தயம் என்று நினைத்து அம்மா குப்பையில் கொட்டிவிட்டார். அந்த ஆண்டு அத்தோடு போயிற்று.

விதைப்பு. செப்டம்பர் தொடக்கத்தில் தட்டில் தூவி, விதை மறையும் அளவு மட்டும் மண் போடுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் முளைக்கும்.

நடவு. நான்கைந்து இலை வந்ததும் 45 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். நம் கோடை மழையில் வேர் அழுகுவதுதான் பெரிய தொல்லை. அதனால் பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, களிமண்ணானால் மணல் கலந்துவிடுங்கள். கறிவேப்பிலை மரத்து நிழலில் வைக்காதீர்கள். நத்தைகள் இளந்தளிரை ஒரே இரவில் தின்றுவிடும். மாலையில் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதைவிட நல்ல மருந்து எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் ஆண்டு பெரும்பாலும் இலைதான். பூ அடுத்த ஆண்டு.

அறுவடை. இதழ் விரிந்த புதிதில் பூவையும் மேலிலைகளையும் வெட்டி நிழலில் உலர்த்துங்கள். டர்பனின் ஈரக்காற்றில் பூஞ்சணம் சுலபமாகப் பிடிக்கும். காம்பை மடக்கினால் ‘படக்’கென்று ஒடிய வேண்டும்; வளைந்தால் இன்னும் காயவில்லை.

பானம். உலர்ந்தது ஒரு தேக்கரண்டி, கொதிநீர் ஒரு கோப்பை, மூடி வைத்துப் பத்து நிமிடம். சளி தொடங்கும்போது சில நாட்கள் மட்டும் குடிப்பேன். ஆய்வுகளில் சளிக்கு உறுதியான பலன் எதுவும் தெரியவில்லை, எனவே மருத்துவருக்கு இது மாற்றல்ல. சாமந்தி வகைப் பூக்களுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டும்.

வேருக்கு மூன்றாண்டு பொறுக்க வேண்டும். மே மாதத்தில் தோண்டி, பாதியை மட்டும் எடுத்து, மீதியை மறுபடி நட்டுவிடுங்கள். கழுவிய வேரில் சிறு துண்டை மென்றால் நாக்கு நுனி சுறுசுறுவென்று மரத்துப்போகும்.