மேலே வந்தது மீனா, மிச்சமா? ஆழ்கடல் புது மீனை விவரிக்கும்போது நேரும் தவறுகள்

2003-இல் நியூசிலாந்துக்கு வடமேற்கே, நார்ஃபோக் கடலடி மலைத்தொடரில் ஓர் ஆய்வுக் கப்பல் வலை இழுத்தது. ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து வந்த மீன்களில் ஒன்று தொங்கிய மூக்கும் கவிழ்ந்த வாயுமாக, பிசைந்து போட்ட மாவு மாதிரி கிடந்தது. அதன் படம் உலகம் சுற்றியது. பத்து ஆண்டு கழித்து, ஒரு வாக்கெடுப்பில் ‘உலகின் மிக அசிங்கமான விலங்கு’ என்ற பட்டத்தையே ‘பிளாப்ஃபிஷ்’ எனப்படும் இந்த மீனுக்குக் கட்டிவிட்டார்கள்.

பாவம் அந்த மீன். கடலடியில் அது பெரிய தலையும் குறுகிய வாலும் கொண்ட, பார்க்கச் சாதாரணமான ஒரு மீன்தான். அதன் உடம்பில் நீர் கோத்த கூழ்தான் அதிகம். தண்ணீரின் தாங்கல் போய், வலையில் மற்ற மீன்களோடு உரசித் தோல் நைந்ததும் சரிந்து வழிந்துவிட்டது. நாம் மூக்கு என்று சிரித்தது அந்தச் சரிவைத்தான்.

சிரித்தது பொதுமக்கள், சரி. ஆனால் புதிய ஆழ்கடல் மீன்களை விவரித்துக் கட்டுரை எழுதுபவர்களும் இதே இடத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். கைக்குக் கிடைத்த உடலைக் கடலில் நீந்திய மீன் என்று நம்பிவிடுவதுதான் பாதித் தவறுகளுக்கு வேர்.

அளவுகோலை நம்பி ஏமாறுவது

மரியானா அகழியின் நத்தைமீனை எடுத்துக்கொள்வோம். 2014-லும் 2017-லும் இரை வைத்த பொறிகளைக் கடலடிக்கு இறக்கி, 6,898 முதல் 7,966 மீட்டர் வரையான ஆழங்களிலிருந்து 37 மீன்களை மேலே கொண்டுவந்தார்கள். 2017 நவம்பரில் ‘சூடோலிபாரிஸ் ஸ்வைரி’ என்று பெயர் வைத்தார்கள். அகழியை முதன்முதலில் ஆழம் பார்த்த சேலஞ்சர் கப்பலின் இளம் அதிகாரி ஹெர்பர்ட் ஸ்வைரின் நினைவாக வந்த பெயர் அது.

இந்த மீனுக்குச் செதில் கிடையாது. மெல்லிய தோல், அதன் அடியில் கூழ். உள்ளே இருக்கும் ஈரல்கூட வெளியே தெரியும். இப்படிப்பட்ட மீனை ஒன்றிரண்டு டிகிரி குளிரிலிருந்து தூக்கி வெயில் காயும் கப்பல் தளத்தில் வைத்தால், நாம் கருவியைத் தேடி எடுப்பதற்குள் கூழ் இளகத் தொடங்கிவிடும். ‘உடல் உயரம், நீளத்தில் இத்தனை சதவீதம்’ என்று அப்புறம் எடுக்கும் அளவு மீனுடையதா, அது தட்டில் கிடந்த அரைமணி நேரத்துடையதா? ஃபார்மலினில் போட்டால் சுருங்கும், ஆல்கஹாலுக்கு மாற்றினால் இன்னும் கொஞ்சம் சுருங்கும். புதிதாக இருக்கும்போது அளந்த ஒன்றையும், நாற்பது வருடம் ஜாடியில் கிடந்த ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘இது ஒல்லியான உடல் கொண்டது, ஆகவே புதிய சிற்றினம்’ என்று எழுதும் வரைவுகளை நானே பார்த்திருக்கிறேன். அந்த ஒல்லி, ஜாடி தந்த ஒல்லி.

ஆகவே மீன் மேலே வந்ததும் குளிர்ந்த கடல்நீரிலேயே வைத்துப் படமெடுக்க வேண்டும், பக்கத்தில் ஓர் அளவுகோலோடு. எந்த அளவு புதிதில் எடுத்தது, எது பதப்படுத்திய பின் எடுத்தது என்று பிரித்து எழுத வேண்டும். மொத்த நீளத்தை மட்டும் எழுதி விட்டுவிடக் கூடாது. வால்துடுப்பின் நுனி வலையிலேயே பாதி போயிருக்கும். மூக்கு நுனியிலிருந்து வால்துடுப்பு தொடங்கும் எலும்பு வரையான நீளம்தான் ஒப்பிட உதவும்.

இதைவிட முக்கியம், சுருங்காத உறுப்புகளைப் பிடித்துக்கொள்வது. முதுகெலும்புக் கண்ணிகளின் எண்ணிக்கை, துடுப்பைத் தாங்கும் கதிர்கள், பற்களின் வடிவம், தலையில் உள்ள துளைகள் எல்லாம் சரிந்து வழியாது. ஆனால் நத்தைமீனின் முதுகுத் துடுப்பைக் கண்ணால் எண்ணிப் பாருங்கள். முன்பக்கக் கதிர்கள் கூழுக்குள் புதைந்திருக்கும். ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணிக்கொண்டு போனால் நாற்பதாவதுக்கு மேல் கை தடுமாறும். மூன்று முறை எண்ணினால் மூன்று எண் வரும். முதல் எண்ணையே எழுதிவிடுவது பலருக்கும் வழக்கம். எக்ஸ்ரே எடுத்தால் ஐந்து நிமிடத்தில் தீரும் சங்கதி இது. ஸ்வைரியை விவரித்தவர்கள் சிடி ஸ்கேனே எடுத்தார்கள். எலும்பு முப்பரிமாணத்தில் கிடைத்துவிட்டால் கூழ் எப்படிச் சரிந்தாலும் கவலையில்லை.

ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது என்றால் ஸ்கேன் ஆடம்பரமே இல்லை, கட்டாயம். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் பிடிபட்ட, ஒரு சாண்கூட இல்லாத ‘பை சுறா’வை மூன்று வருடம் கழித்து உறைபெட்டியில் கவனித்தார்கள். பெயர் வைத்தது 2019-இல். உலகத்திலேயே அந்த வகைச் சுறாவில் அதற்கு முன் ஒன்றே ஒன்றுதான் கிடைத்திருந்தது. அதைக் கத்தி போட்டுத் திறந்தா பார்ப்பது?

‘இல்லை’ வேறு, ‘காணவில்லை’ வேறு

ஒளிரும் விளக்குமீன்களைப் பிரித்தறிய, உடம்பில் உள்ள ஒளிப்புள்ளிகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதே ஆதாரம். இழுவைவலையில் வரும்போது செதிலும் போய், ஒளிப்புள்ளியும் போய், வழித்தெடுத்த மாதிரி வந்து சேரும். அதைப் பார்த்துவிட்டு ‘செதில் அற்றது’ என்று எழுதுவது எவ்வளவு எளிது! உருப்பெருக்கியில் தோலைப் பார்த்தால் செதில் பொருந்தியிருந்த சிறு குழிகள் தெரியும். அப்போது எழுத வேண்டியது, ‘செதில்கள் உதிர்ந்துள்ளன’ என்று. தூண்டில்மீன் இரையை ஈர்க்க வைத்திருக்கும் நெற்றித் தண்டும் இப்படித்தான். நுனி முறிந்த தண்டை ‘குட்டையான தூண்டில்’ என்று வர்ணித்துவிட்டால், அடுத்த ஆள் முழுத் தண்டோடு ஒன்றைப் பிடித்து அதற்கு வேறு பெயர் வைப்பார்.

நிறம் பற்றிச் சுருக்கமாக: ஜாடியில் எல்லா மீனும் ஒருநாள் பழுப்பாகிவிடும். கப்பலில் செக்கச்செவேல் என்று தெரிந்த மீன் கீழே கறுப்பாகத்தான் தெரியும், சிவப்பு வெளிச்சம் அந்த ஆழத்துக்குப் போவதே இல்லை. நிறத்தைப் பதிவு செய்யுங்கள், ஆனால் அதை மட்டும் வைத்துப் புது இனம் என்று சாதிக்காதீர்கள்.

அப்பா, அம்மா, பிள்ளைக்கு மூன்று குடும்பம்

தனியாள் யாரும் வெட்கப்பட வேண்டாத தவறு இது. மொத்தத் துறையும் சேர்ந்து செய்தது.

கடலின் மேல்பரப்புக்கு அருகே நீண்ட வால் இழையோடு திரியும் சிறு மீன்களை ஒரு குடும்பமாக வைத்திருந்தார்கள். ஆழத்தில் பெரிய மூக்குறுப்புகளோடு கிடைத்த மீன்கள் இன்னொரு குடும்பம். இன்னும் ஆழத்தில் அகன்ற வாயோடு இருந்த திமிங்கில மீன்கள் மூன்றாவது. 2009-இல்தான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. முதலாவது குஞ்சு, இரண்டாவது ஆண், மூன்றாவது பெண். எல்லாம் ஒரே குடும்பம்! நம்பாமல் என்ன செய்வது, உருமாறும் வயதில் பிடிபட்டவையும் இருந்தன, டிஎன்ஏவும் பொருந்தியது. ஆணுக்கு வளர்ந்த பிறகு இரைப்பையே இருப்பதில்லை. குஞ்சாக இருந்தபோது தின்று ஈரலில் சேர்த்துவைத்ததை வைத்துக் காலம் தள்ளுகிறது.

தூண்டில்மீனிலும் இதே கதை உண்டு. 1922-இல் ஐஸ்லாந்து ஆய்வாளர் ஒருவர், பெண் மீனின் வயிற்றில் ஒட்டியிருந்த சின்ன மீன்களைப் பார்த்துக் குட்டிகள் என்று நினைத்தார். அவை கணவன்மார் என்பது 1925-இல்தான் புரிந்தது.

ஆகவே கையில் இருப்பது முதிர்ந்ததா, ஆணா பெண்ணா என்று பார்க்காமல் எழுதத் தொடங்கக் கூடாது. பார்க்க முடியாத நிலை என்றால் அதையும் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். தசைத்துண்டு எடுப்பதைத் தள்ளிப்போடுவதும் கூடாது. ஃபார்மலினுக்குள் போவதற்கு முன்பே, மீனின் வலப்பக்கத்திலிருந்து சிறிது வெட்டி எத்தனாலில் போட்டுவிட வேண்டும். இடப்பக்கம் அளவுக்கும் படத்துக்கும். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும், வலை வந்த நேரத்துப் பரபரப்பில் முதலில் மறந்துபோவது இதுதான். எடுத்த டிஎன்ஏ வரிசையைத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டு ‘பொருந்தவில்லை, ஆகவே புதியது’ என்று தாவுவது அடுத்த அவசரம். தரவுத்தளத்தில் அதன் நெருங்கிய உறவு இனங்கள் இல்லாமல் இருக்கலாம், தவறான பெயரில் ஏற்றிய வரிசைகளும் அங்கே உண்டு.

எங்கே, எவ்வளவு ஆழத்தில்?

1970-இல் போர்ட்டோ ரிக்கோ அகழியில் 8,370 மீட்டர் ஆழத்துக்கு இறக்கிய வலையில் ஒரு மீன் வந்தது. ‘அபிசோப்ரோட்டுலா கலத்தியே’ என்று அழைக்கப்படும் இனம். உலகிலேயே மிக ஆழத்தில் வாழும் மீன் என்று பல ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தோம். சிக்கல் என்னவென்றால் அது வாய் மூடாத வலை. கீழே போகும்போதும் திறந்திருக்கும், மேலே வரும்போதும் திறந்திருக்கும். மீன் எந்த ஆழத்தில் உள்ளே புகுந்தது என்று வலையைத்தான் கேட்க வேண்டும். வலை எட்டிய ஆழத்தை மீன் வாழும் ஆழமாக எழுதுவது அன்றும் தவறு, இன்றும் தவறு. மூடும் வலையா, பொறியா, திறந்த வலையா என்ற ஒரு வரி சேர்ந்தால் வாசிப்பவர் தாமே எடைபோட்டுக்கொள்வார்.

இடம் விஷயத்தில் நம் பக்கத்துத் தவறு ஒன்று இருக்கிறது. தூத்துக்குடியிலும் கொல்லத்திலும் ஆழ்கடல் இறால் பிடிக்கப் போகும் விசைப்படகுகள், இறாலோடு என்னென்னவோ மீன்களைக் கொண்டுவருகின்றன. ஏலக்கூடத்து ஓரத்தில் சங்காயமாக, அதாவது விலைபோகாத கழிவு மீனாக, கொட்டிக் கிடக்கும் குவியலில், யாரும் பெயர் வைக்காத மீன் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அங்கே குந்தி உட்கார்ந்து கிளறுபவர்களை நான் மெச்சுகிறேன். ஆனால் கட்டுரையில் மாதிரி கிடைத்த இடம் என்று துறைமுகத்தின் பெயரையும் அதன் அட்சரேகையையும் போட்டுவிடுகிறார்கள். ஆழ்கடல் மீன் ஏலக்கூடத்தில் வாழ்வதில்லை. விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பே இதைத் தெளிவாகச் சொல்கிறது: விலங்கை மனிதர்கள் எடுத்துவந்திருந்தால், அது எங்கிருந்து புறப்பட்டதோ அதுவே மூல இடம். படகோட்டியிடம் போய், “அண்ணே, எந்தப் பக்கம் மடிவலை விட்டீங்க, எத்தனை பாகம் ஆழம் இருந்துச்சு?” என்று கேட்டால் சொல்வார். பல படகுகளில் ஜிபிஎஸ் பதிவும் இருக்கும். மறுநாள் கேட்டால் இரண்டு மூன்று இடத்து மீனும் கலந்துபோயிருக்கும்.

புதிது என்று சொல்வதற்கு முன்

இன்வெஸ்டிகேட்டர் என்ற அளவைக் கப்பலில் 1888 முதல் சில ஆண்டுகள் போன இயற்கையியலாளர் ஆல்ஃப்ரெட் அல்காக், வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் ஆழத்து மீன்களை வாரி எடுத்துப் பெயர் சூட்டிக்கொண்டே போனார். அன்றைய வழக்கப்படி விவரிப்புகள் சிறியவை. அவற்றைப் படித்து மட்டும் முடிவெடுக்க முடியாது. அவர் பெயர் சூட்ட ஆதாரமாக இருந்த மூல மாதிரிகள் கொல்கத்தாவிலும் லண்டனிலும் ஜாடியில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் கிடைத்த ‘புதிய’ மீன், நூற்று முப்பது வருடமாகக் கொல்கத்தாவில் பெயர்ச்சீட்டோடு உட்கார்ந்திருக்கலாம். கடந்த பத்தாண்டுக் கட்டுரைகளோடு மட்டும் ஒப்பிட்டுவிட்டு முடித்துக்கொள்வது சோம்பல், வேறென்ன சொல்ல? அந்தப் பேரினத்தில் செல்லுபடியாகும் பெயர்களோடு, கைவிடப்பட்ட பழைய பெயர்களையும் பார்க்க வேண்டும்.

பெயர் வைப்பதில் நடக்கும் பிழைகள் சின்னவை, ஆனால் அச்சாகிவிட்டால் உறுத்தும். ஓர் ஆணைக் கௌரவித்தால் லத்தீன் பெயரின் முடிவு ‘இ’ (-i), பெண்ணென்றால் ‘ஏ’ (-ae). பெயரடையாக வைத்தால் பேரினப் பெயரின் இலக்கணப் பாலோடு ஒத்துப்போக வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியாகும் கட்டுரையென்றால் விலங்குப் பெயர்களின் பதிவேடான சூபேங்க்கின் பதிவு எண் அதிலேயே இருக்க வேண்டும், 2012 முதல் இதுதான் விதி. ஹோலோடைப் என்ற மூல மாதிரி எந்த அருங்காட்சியகத்தில், எந்த எண்ணில் இருக்கிறது என்றும் எழுத வேண்டும். எல்லாவற்றையும்விட, கட்டுரை வருவதற்கு முன் பெயரைச் செய்தித்தாளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். விவரிப்பு இல்லாத பெயர் வெற்றுப் பெயர். சட்டப்படி அதற்கு உயிரே இல்லை.

மாதிரியே இல்லாமல் பெயர் வைத்த கதையும் இருக்கிறது. 1930-களில் பெர்முடா அருகே எஃகுக் கோளத்துக்குள் அமர்ந்து ஆழத்தில் இறங்கிய இயற்கையியலாளர் வில்லியம் பீப், ஜன்னல் வழியாகக் கண்ட மீன்கள் சிலவற்றுக்கு லத்தீன் பெயர்களே சூட்டினார். வரிசையாக ஒளிரும் ஒன்று, மூன்று விளக்கு ஏந்திய ஒன்று என்று அழகழகானவை. அன்றைய மீனியல் அறிஞர் கார்ல் ஹப்ஸ், பீப் கண்டவற்றில் ஒன்று ஒரு ஜெல்லி உயிரியாக இருக்கலாம், ஜன்னல் கண்ணாடியில் படிந்த அவர் மூச்சுக்காற்றே அதற்கு ஒளிவட்டம் கொடுத்திருக்கலாம் என்று குத்தினார். அந்த மீன்களை அதற்கப்புறம் யாருமே பார்க்கவில்லை.

2022 ஆகஸ்டில் ஜப்பானுக்குத் தெற்கே இசு-ஒகசவாரா அகழியில், 8,336 மீட்டரில் ஒரு குட்டி நத்தைமீன் தெளிவாகப் படமாக்கப்பட்டது. அதற்கு முன் அவ்வளவு ஆழத்தில் எந்த மீனும் கேமராவில் சிக்கியதில்லை. அடுத்த ஏப்ரலில் உலகத்துக்கு அறிவித்தபோது அந்தக் குழுவினர் பேரினத்தை மட்டும் சொன்னார்கள், ‘சூடோலிபாரிஸ்’. சிற்றினத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் எழுதவில்லை. அந்த மீனை அவர்கள் பிடித்திருக்கவில்லை.