கோழிகள் திடீரென்று சாக ஆரம்பித்தால் என்ன செய்வது

காலையில் கூண்டுக்குள் ஒரு கோழி செத்துக் கிடந்தால், முதல் வேலை மற்றவற்றைத் திறந்து விடாமல் இருப்பதுதான். பெரும்பாலான வீடுகளில் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது. செத்ததைத் தூக்கி வேலியோரம் போட்டுவிட்டு, சரி, மிச்சமாவது மேயட்டும் என்று கதவைத் திறந்து விடுகிறார்கள், அவை பக்கத்து வீட்டுக் குப்பைமேடு வரை போய்க் கிளறிவிட்டு வருகின்றன, அடுத்த வாரம் அந்த வீட்டுக் கோழிகளும் தூங்கித் தூங்கி விழ ஆரம்பிக்கின்றன. என்ன நோய் என்று தெரியும்வரை கூண்டுக்குள்ளேயே தீனியும் தண்ணீரும் வையுங்கள். கத்தும், அடித்துக்கொள்ளும், பரவாயில்லை.

அப்புறம் கொஞ்சம் தள்ளி நின்று கவனியுங்கள். ஆள் கிட்டே போனால் நோஞ்சான் கோழியும் நிமிர்ந்து நிற்கும், அதனால் தூரத்தில் நின்றால்தான் உண்மை தெரியும். எது இறகை உப்பிக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறது, எது தீனியைக் கண்டும் ஓடி வரவில்லை, எதன் பின்பக்க இறகில் எச்சம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, அவற்றை மட்டும் பிடித்துத் தூரமாக, நிழலில், தனிப் பஞ்சாரத்தில் போட்டு மூடுங்கள். தண்ணீர்ச் சட்டியும் தனியாக இருக்கட்டும். தீனி வைக்கும்போது நல்ல கோழிகளுக்கு முதலில், சீக்குக் கோழிகளுக்குக் கடைசியில். சீக்குக் கோழி பக்கம் போட்ட செருப்போடு நல்ல கோழிக் கூண்டுக்குள் போகாதீர்கள், நோய் செருப்படியில் ஒட்டிக்கொண்டு சுலபமாகப் போய்விடும். குழந்தைகளைக் கொஞ்ச நாளைக்குக் கோழி பிடிக்க விட வேண்டாம்.

செத்த கோழியைப் பாருங்கள்

உடனே புதைத்துவிடாதீர்கள். கையில் ஒரு பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்டவை ஒரே நேரத்தில் செத்திருந்தால், அதுவும் முகம் வீங்கிக் கொண்டை நீலம் பாரித்திருந்தால், தொடவே வேண்டாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

நெஞ்சைத் தடவுங்கள். நடுவில் நீளமாக ஓடும் எலும்பு கத்தி முனைபோல் தட்டுப்பட்டால், அந்தக் கோழி பல நாளாகவே தேய்ந்துகொண்டு வந்திருக்கிறது, குடற்புழுவோ பேனோ வேறு நாள்பட்ட நோயோ இருக்கலாம், நம் கண்ணுக்குத்தான் இன்றைக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் சதை திரண்டிருந்தால் நோயோ நஞ்சோ வெயிலோ வந்த வேகத்தில் அடித்திருக்கிறது. அடுத்து இரைப்பை. கழுத்துக்குக் கீழே கைக்கு நிறையத் தீனி தட்டுப்பட்டால், நேற்று மாலைவரை நன்றாகத் தின்றிருக்கிறது என்று அர்த்தம். விதைப்புச் சமயமாக இருந்து, வாயிலோ தொண்டையிலோ சிவப்பு, நீலம் என்று சாயம் ஏறிய தானியம் தெரிந்தால் அது மருந்து கலந்த விதை. விதைநேர்த்தி செய்த விதைக்குச் சாயம் போடுவதே யாரும் தெரியாமல் தின்றுவிடக் கூடாது என்பதற்குத்தான், கோழிக்கு அது எங்கே தெரியப் போகிறது. இறகை விலக்கித் தோலைப் பாருங்கள், பல் பதிந்த காயம் இருந்தால் கீரியோ மரநாயோ வேலை. பின்பக்கத்து எச்சம் என்ன நிறம், அலகில் சளி வடிகிறதா, கொண்டை எப்படி இருக்கிறது, எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் வாயால் சொல்வதைவிட அது நன்றாகப் பேசும்.

எது என்னவாக இருக்கும்

நம்ம ஊரில் மாசியிலிருந்து வைகாசி வரை கோழிகள் சாகின்றன என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிக்கெட். 1920களின் கடைசியில் இமயமலைப் பக்கத்து ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது, வெளிநாட்டில் நியூகாசில் நோய் என்பார்கள். வைரஸ். கழிச்சல் வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீராகப் போகும், கோழி இறக்கையைத் தொங்கப்போட்டு ஒரு மூலையில் நிற்கும், வாயைத் திறந்து கர்கர் என்று மூச்சு வாங்கும், வாயிலிருந்து கோழை வடியும். முதல் நாள் ஒன்று, அடுத்த நாள் இரண்டு மூன்று, அப்புறம் கொத்தாக விழும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் மொத்தத்தையும் துடைத்துவிட்டுப் போகக்கூடியது. தப்பிக்கிற ஒன்றிரண்டில் கழுத்து திருகிக்கொள்ளும் அல்லது கால் இழுத்துக்கொள்ளும்.

இதற்கு மருந்து கிடையாது. கடையில் கேட்டால் ஒரு பொடியைக் கொடுப்பார்கள், பெரும்பாலும் ஆன்டிபயாடிக்காக இருக்கும், அது வைரஸை ஒன்றும் செய்யாது. பலவீனமான கோழியில் கூடவே வரும் பாக்டீரியாத் தொற்றுக்கு வேண்டுமானால் உதவும், அதையும் மருத்துவர் சொல்லிக் கொடுப்பதுதான் சரி. கீழாநெல்லி, சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள் அரைத்து உருட்டிக் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். கொடுங்கள், கெடுதல் இல்லை, ஆனால் அதைக் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் பிரித்து வைப்பதை விட்டுவிடாதீர்கள். எலக்ட்ரோலைட் பொடி கலந்த தண்ணீர், கம்பங்கஞ்சி, நிழல், இவ்வளவுதான் நம்மால் ஆகும். கழுத்து திருகிய கோழி தானாகக் கொத்தித் தின்னாது, உருண்டை பிடித்து ஊட்டினால் சில வாரங்களில் சில தேறிவிடும். தேறினாலும் அதன் எச்சத்தில் கொஞ்ச காலம் கிருமி வெளியேறலாம், தனியாகவே வையுங்கள்.

எல்லாச் சாவும் வெள்ளைக் கழிச்சல் இல்லை, இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரையுள்ள குஞ்சுகள் குறுகிக் குறுகி நின்று, எச்சத்தில் ரத்தம் கலந்து போனால் அது ரத்தக் கழிச்சல். ஈரமான தரையில் வருவது, மருந்தும் உண்டு, ஆம்ப்ரோலியம் தண்ணீரில் கலந்து கொடுக்க மருத்துவர் எழுதித் தருவார். அன்றைக்கே போனால் பாதிக்கு மேல் காப்பாற்றிவிடலாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது நடக்காது. நல்ல கனமான பெரிய கோழி, நேற்றுவரை ஒரு குறையும் இல்லை, காலையில் கொண்டை ஊதா நிறத்தில் செத்துக் கிடக்கிறது, மறுநாள் இன்னொன்று என்றால் கோழிக் காலராவாக இருக்கலாம். இது பாக்டீரியா, இதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யும். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் வருவது அம்மை. அது திடீர்ச் சாவு இல்லை, கண் மூடிப்போய்த் தீனி எடுக்க முடியாமல் பட்டினியில்தான் குஞ்சு சாகும். வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவி, கையால் ஊட்டிவிட்டால் பெரும்பாலும் தேறும்.

கழுத்து துணிபோலத் துவண்டு தரையில் கிடக்கிறது, உயிர் இருக்கிறது, இறகைத் தொட்டால் கையோடு வருகிறது என்றால், பக்கத்தில் எங்கேயோ செத்தது ஒன்று புழுத்துக் கிடக்கிறது, கோழி அந்தப் புழுவைத் தின்றிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். வேலியோரம் வீசிய கோழி இப்படித்தான் இன்னும் நாலைக் கொல்லும். கத்திரி வெயிலில் மதியத்துக்குமேல் தகரக் கொட்டகையில் கொழுத்த கோழியோ அடைக்கோழியோ செத்தால் நோயைத் தேட வேண்டாம், கூரைமேல் நனைத்த சாக்கைப் போடுங்கள்.

இனி, தொட வேண்டாம் என்று சொன்ன விஷயம். ஓரிரு நாளில் கூட்டமே சாகிறது, முகமும் தாடியும் வீங்கியிருக்கின்றன, காலில் ரத்தப் புள்ளிகள், ஊரில் காக்கையும் வாத்தும்கூடச் செத்து விழுகின்றன என்றால் பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். இந்தியாவில் 2006இல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் முதலில் வந்தது, ஆலப்புழை பக்கத்து வாத்துப் பண்ணைகளில் 2014, 2021, 2024 என்று திரும்பத் திரும்ப வந்திருக்கிறது, கேரள எல்லையோர மாவட்டங்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. அறுக்கவோ பறிக்கவோ கூடாது, கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ சொல்லிவிட்டு விலகி நில்லுங்கள். சொன்னால் இருப்பதையும் பிடித்து அழித்துவிடுவார்கள் என்று மறைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அரசு அழிக்கும் பறவைக்குத்தான் இழப்பீடு, தானாகச் செத்ததற்கு இல்லை.

மருத்துவரிடம், பிறகு குழிக்கு

சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள், அதுதான் ஊகத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கும். செத்துச் சில மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், இரண்டு பாலித்தீன் பையில் கட்டி, ஐஸோடு ஒரு டப்பாவில் வைத்துக் கொண்டுபோகலாம். ஃப்ரீசரில் வைத்து உறைய விடாதீர்கள், உள்ளுறுப்பு கெட்டுவிடும். மருந்தகத்தில் அறுத்துப் பார்க்க வசதி இல்லையென்றால் மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்புவார்கள். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியே கிட்டத்தில் இருக்கிறது. ஒரு கோழியைத் திறந்து, இரைப்பைக்கு அடுத்த சுரப்பி வயிற்றில் ரத்தத் திட்டுகளைப் பார்த்தாலே அனுபவமுள்ள மருத்துவருக்கு ராணிக்கெட் என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிடும்.

செத்த மற்றக் கோழிகளை மூன்றடிக் குழி வெட்டிப் போட்டு, சுண்ணாம்பு போட்டு, மண் தள்ளி, மேலே கல்லோ முள்ளோ வையுங்கள், இல்லாவிட்டால் நாய் தோண்டிவிடும். கிணற்றுப் பக்கம் வேண்டாம். வாய்க்காலில் வீசுவது கடைமடை வரை நோயை அனுப்பி வைக்கிற வேலை.

சாகிறதுக்கு முன்னால் விற்றுவிடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். நாலு காசு போகிற வருத்தம் புரிகிறது, ஆனாலும் சொல்கிறேன், அதைச் செய்யாதீர்கள். ஊர் ஊராகக் கழிச்சல் பரவுவதே இந்த மலிவு விலைக் கோழியால்தான். குழம்பு வைத்துவிடலாம் என்றால், நஞ்சு தின்றதையும் ஊசி மருந்து போட்டதையும் எந்தக் காரணத்துக்காகவும் தின்னக் கூடாது. வெள்ளைக் கழிச்சல் வந்த கோழியை அறுத்தால் அந்த இறகும் குடலும் கழுவின தண்ணீரும்தான் அடுத்த வீட்டுக்கு நோயைக் கொண்டுபோகும், அறுத்தவர் கண்ணும் சிவந்து வீங்கலாம். அந்தச் சமயம் இட்ட முட்டையை அடைக்கும் வைக்க வேண்டாம்.

எல்லாம் ஓய்ந்தபிறகு கூண்டைச் சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். எச்சத்தைச் சுரண்டி எடுத்து எரித்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, காய்ந்தபிறகுதான் பிளீச்சிங் பவுடர் கலந்த சுண்ணாம்பு அடிக்க வேண்டும். எச்சத்தின் மேலேயே பவுடரைத் தூவினால் காசுக்குக் கேடு. மரச் சந்து, மூங்கில் இடுக்கில் உண்ணி ஒளிந்திருக்கும், தீப்பந்தத்தால் காட்டுங்கள், கூரை ஓலையாக இருந்தால் ஜாக்கிரதை. பஞ்சாரத்தை வெயிலில் போடுங்கள். குறைந்தது ஒரு மாதம் கூண்டு காலியாகக் கிடக்கட்டும்.

புதிதாக வாங்கும் கோழியை இரண்டு மூன்று வாரம் தனியே வைக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். சந்தைக்குக் கொண்டுபோய் விலை படியாமல் திரும்பி வந்த நம்முடைய சேவலை யாரும் அப்படி வைப்பதில்லை. அய்யலூர் மாதிரிச் சந்தையில் அரை நாள் நூறு கோழிகளோடு நின்றுவிட்டு வந்தது, பழைய சேவல் என்றாலும் புதுச் சேவல்தான். சேவல் சண்டைக்குப் போய் வந்ததும் அப்படியே.

வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசியைப் பற்றி. குஞ்சு பொரித்து ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ தடுப்பு மருந்து ஒரு சொட்டு, நாலு வாரத்தில் லசோட்டா என்ற சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஆர்2பி என்ற தடுப்பூசி அரை மில்லி. அதற்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு நீக்குங்கள். கால்நடைப் பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் ஊர்களுக்கே வந்து இலவசமாகப் போடுகிறது, பல மருந்தகங்களில் சனிக்கிழமைகளிலும் போடுவார்கள். நோய் உள்ளே வந்துவிட்ட கூட்டத்துக்கு நீங்களாக ஊசி போடக் கிளம்பாதீர்கள், ஏற்கெனவே கிருமி ஏறிய கோழி எப்படியும் விழும், அதே ஊசி அடுத்ததற்கும் ஏற்றிவிடும். சுற்றியுள்ள வீட்டுக் கோழிகளுக்குப் போடச் சொல்லுங்கள்.

கடையில் வாங்கினால் குப்பி நூறு டோஸ், இருநூறு டோஸ் என்றுதான் வரும், பத்துக் கோழிக்கு எதற்கு என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். தெருவில் நாலைந்து வீட்டைச் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போட்டால் ஆளுக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். ஃபிளாஸ்கில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்து, அதிகாலையிலோ வெயில் தாழ்ந்தபிறகோ, கோழிகள் கூண்டில் இருக்கும்போதே, கலந்த ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். மிஞ்சியதை நாளைக்கு என்று ஃபிரிட்ஜில் வைப்பது வீண், குப்பியோடு கொதிக்க வைத்துப் புதைத்துவிடுங்கள்.