மாணவியர் கூடைப்பந்துப் போட்டி நடத்தப் போகிறீர்களா? ஸ்கோர் மேசையிலிருந்து சில விஷயங்கள்

ஒரு கோர்ட், 12 அணி, 4 நாள். மாணவியருக்கு ஒரு நல்ல கூடைப்பந்துப் போட்டி நடத்த இது போதும். வடசென்னையில் ஒரு பள்ளியில் 22 வருஷமாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். "மேடம், இந்த வருஷம் டோர்னமென்ட் நீங்க எடுத்துப் பண்ணுங்க" என்று தலைமையாசிரியர் சொன்ன மறுநிமிஷம் எனக்குப் போன் போடும் புது பி.டி. டீச்சர்களிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

முதல் கேள்வி, நாக் அவுட்டா லீக்கா? நாக் அவுட் என்றால் 11 ஆட்டத்தில் முடிந்துவிடும். ஆனால் எண்ணூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த பிள்ளை முதல் ஆட்டத்தில் தோற்றால் அதோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மூன்று மாசம் விடியற்காலையில் எழுந்து பயிற்சி எடுத்தவளுக்கு 40 நிமிஷம் மட்டும் தருவது நியாயமில்லை. லீக்கே வையுங்கள், பிரிவுக்குள் எல்லா அணியும் ஒன்றோடொன்று ஆடட்டும். 4 பிரிவு, பிரிவுக்கு 3 அணி என்று பிரியுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு நாளைக்கு ஓர் ஆட்டம் வையுங்கள். மூன்று நாளில் 12 லீக் ஆட்டமும் முடியும், எந்த அணியும் ஒரே நாளில் இரண்டு முறை ஆடாது. முதல் ஆட்டத்தில் தோற்ற அணி இரண்டாம் நாள் மூன்றாவது அணியோடு ஆட வேண்டும் என்று முன்பே எழுதிவிடுங்கள். அப்படிச் செய்தால் மூன்றாம் நாள் ஆட்டத்துக்கு உயிர் இருக்கும். நான்காம் நாள் காலையில், பிரிவில் முதலிடம் வந்த நான்கு அணிகளுக்கு இரண்டு அரையிறுதி, மாலையில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டமும் இறுதியும். மொத்தம் 16.

ஓர் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். 10 நிமிஷக் கால்பகுதி நான்கு, நடுவில் 2 நிமிஷ இடைவேளைகள், பாதியில் 15 நிமிஷம், கடிகாரம் நிற்கும் நேரம் எல்லாம் சேர்ந்தால் அவ்வளவு ஆகிவிடும். காலை 6.30, 8.00, மாலை 3.30, 5.00. பத்து மணிக்கு மேல் மூன்றரை வரைக்கும் சிமென்ட் கோர்ட்டில் பிள்ளைகளை இறக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் பகல் பன்னிரண்டுக்குத் தரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தேதியே வேண்டாம், மழையில் போய்விடும். ஜூலை, ஆகஸ்டிலும் சாயங்காலம் திடீரென்று கொட்டும். அதனால் "மழையால் நின்ற ஆட்டம் நின்ற ஸ்கோரிலிருந்தும் நின்ற நிமிஷத்திலிருந்தும் தொடரும்" என்று சுற்றறிக்கையிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

எந்த விதிப்படி ஆடுகிறோம் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். எங்களுக்கு ஃபிபா, அதாவது உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதிதான். பிள்ளைகள் போனில் பார்ப்பது பெரும்பாலும் அமெரிக்கப் பள்ளி ஆட்டம். அங்கே கால்பகுதி 8 நிமிஷம், மூன்று பாயிண்ட் கோடு சுமார் 6.02 மீட்டரில். நம் கோடு 6.75 மீட்டர். அந்த வீடியோவை நம்பி வந்து, "மிஸ், கோடு ரொம்பத் தள்ளியிருக்கு" என்று ஒருத்தி என்னிடம் வாதாடியிருக்கிறாள். பந்து 6-ஆம் எண், 500 முதல் 540 கிராம். பி.டி. அறையில் கிடப்பதெல்லாம் பையன்களின் 7-ஆம் எண் பந்தாகத்தான் இருக்கும், எடுத்துப் படித்துப் பாருங்கள்.

சீட்டுக் குலுக்கலை எல்லா அணி ஆசிரியர்களும் வந்திருக்கும்போது செய்து, அங்கேயே கையெழுத்து வாங்குங்கள். வயதுச் சான்று, தலைமையாசிரியர் கையெழுத்திட்ட போட்டோ ஒட்டிய பட்டியல், எமிஸ் எண் (கல்வித் துறைப் பதிவில் மாணவியின் எண்) இவற்றை ஒரு வாரம் முன்பே சரிபாருங்கள். பிறந்த தேதியில் குழப்பம் இருந்தால் அந்த ஆசிரியரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். கோர்ட் ஓரத்தில் எல்லார் முன்னாலும் "உனக்கு உண்மையில என்ன வயசு?" என்று ஒரு பெண்பிள்ளையைக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். தப்பு எழுத்தரோடது, தலைகுனிந்து நின்றது அவள்.

இனி உடை, நகை. பையன்கள் போட்டி மட்டுமே நடத்திப் பழகியவர்கள் தடுமாறும் இடம் இது. விதியில் நகைக்கு இடமில்லை, நகமும் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கொலுசு, வளையல், கம்மல், கோயில் கயிறு எல்லாவற்றுக்கும் இதுதான். விதி தெரியும், ஆனால் சொல்லும் நாள் முக்கியம். ஒரு முறை ஆட்டத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "மிஸ், குத்திப் பத்து நாள்தான் ஆச்சு. கழட்டினா தூர்ந்துடும், பாட்டி திட்டும்." வேறு வழியில்லாமல் கழற்ற வைத்தோம். முதல் பாதி முழுக்க அவள் கை மூக்கிலேயே இருந்தது. இடைவேளையில் மரத்தடிக்குப் போய் மெல்லிய வேப்பங்குச்சி ஒடித்துக் கொண்டுவந்தேன். ஆட்டம் முடிந்ததும் கழுவித் துடைத்து அதைச் செருகிவிட்டு, பாட்டியிடம் போனில் நானே பேசினேன். அந்த வருஷத்திலிருந்து சுற்றறிக்கையின் முதல் வரியே, "போட்டிக்கு ஒரு மாதம் முன்பிருந்து மூக்கோ காதோ குத்த வேண்டாம்" என்பதுதான். பெற்றோருக்கும் அது போகும்.

தலையில் துணி அணிந்து ஆடும் பிள்ளைகள் வருவார்கள். 2017 அக்டோபரிலிருந்து ஃபிபா விதி அதை அனுமதிக்கிறது. அணியில் போடுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே நிறம். முகத்தை மறைக்கக் கூடாது. ஊசி, கொக்கி, துருத்திக்கொண்டிருக்கும் எதுவும் கூடாது. நிபந்தனை இவ்வளவுதான். பழைய நினைப்பில் ஒரு நடுவர் திருவல்லிக்கேணிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியை வெளியே உட்காரச் சொன்னார். விதிப்புத்தகத்தை விரித்துக் காட்டினேன், உடனே ஒப்புக்கொண்டார். புத்தகம் மேசையிலேயே இருக்கட்டும். லெகிங்ஸ் போட்டு ஆடுவதும் சரிதான், போடுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். வெள்ளை ஷார்ட்ஸ் வேண்டும் என்று மட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள். எங்கள் போட்டியில் சட்டை நிறம்தான் அணியைப் பிரிக்கும், கீழே கறுப்போ நீலமோ போடட்டும். ஏன் என்று பெண் ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதலுதவிப் பெட்டியில் நாப்கின் இருக்கிறது என்பதையும் ஒவ்வொரு கேப்டனிடமும் காதோடு சொல்லிவிடுங்கள். கழிப்பறைச் சாவி வாட்ச்மேனிடம் இருக்கக் கூடாது, மேசையில் இருக்கட்டும்.

மேசைக்கு நான்கு பேர் வேண்டும்: ஸ்கோர் எழுத ஒருத்தி, அவளுக்கு உதவிக்கு ஒருத்தி, கடிகாரத்துக்கு ஒருத்தி, 24 செகண்டுக்கு ஒருத்தி (பந்து கிடைத்த அணி அந்த நேரத்துக்குள் கூடைக்கு எறிய வேண்டும்). பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளையே எடுங்கள், இரண்டு வாரம் பயிற்சி ஆட்டங்களில் உட்கார வையுங்கள். மின்னணுப் பலகை இல்லையென்றால் ஸ்டாப் வாட்ச் போதும். கடைசிப் பத்து செகண்டை உரக்க எண்ணச் சொல்லுங்கள். எதிர்க்கூடையின் வளையத்தில் பட்ட பந்தை, எறிந்த அணியே மறுபடி பிடித்தால் 24 இல்லை, 14 என்பதை அவள் தூக்கத்திலும் சொல்ல வேண்டும்.

ஸ்கோர் ஷீட்டுக்கு இரண்டு பேனா. முதல், மூன்றாம் கால்பகுதிக்குச் சிவப்பு. இரண்டாம், நான்காம் பகுதிக்கு நீலமோ கறுப்போ. பின்னால் ஒரு தகராறு வந்தால் எந்த ஃபவுல் எப்போது விழுந்தது என்று நிறமே சொல்லிவிடும். கூடை விழுந்தால் அணியின் மொத்தப் பாயிண்டைக் காட்டும் எண்ணின் மேல் சாய்கோடு, ஃப்ரீ த்ரோவுக்கு (ஃபவுலுக்காகத் தடுப்பார் இல்லாமல் எறிவது) நிறைத்த வட்டம், மூன்று பாயிண்ட் என்றால் ஆட்டக்காரரின் எண்ணைச் சுற்றி வட்டம். தப்பைக் கண்டுபிடித்தால் ஆட்டம் ஓடும்போது மணி அடிக்கக் கூடாது. பந்து நின்றதும் அடித்து நடுவரிடம் சொல்ல வேண்டும். பெயரை இனிஷியலோடு, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதச் சொல்வேன். அனிதா பால்துரை சென்னைப் பெண். இந்தியக் கூடைப்பந்து அணிக்குக் கேப்டனாக இருந்தவர், 2021-ல் பத்மஸ்ரீ. அவர் பெயரையும் ஒரு நாள் ஏதோ ஒரு பள்ளி மேசையில் யாரோ ஒரு பிள்ளை முதன்முதலாக எழுதியிருப்பாள்.

ஒருத்திக்கு 5 ஃபவுல் ஆனால் வெளியே. ஒவ்வொரு ஃபவுலுக்கும், அவளுக்கு அது எத்தனையாவது என்ற எண் அட்டையைத் தூக்கி இரண்டு பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி காட்டுங்கள். அணிக்கு ஒரு கால்பகுதியில் 4 ஃபவுல் வரை பரவாயில்லை, ஐந்தாவதிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ. டைம் அவுட் முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3. அதிலும் கடைசி இரண்டு நிமிஷத்தில் 2-க்கு மேல் கிடையாது. குறித்த நேரம் தாண்டி 15 நிமிஷத்துக்குள் ஓர் அணியில் ஐந்து பேராவது வந்து சேரவில்லையென்றால் ஆட்டம் எதிரணிக்கு, 20-0. பேசின் பிரிட்ஜ் நெரிசல் எல்லாருக்கும் தெரியும், அதனால் ஒரு மணி நேரம் முன்பே வரச் சொல்லுங்கள்.

இப்போது சமன் கணக்கு. இதை நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் என் பிள்ளைகள் தோற்றார்கள், காரணம் நான்.

பல வருஷத்துக்கு முன் வேறொரு போட்டி. எங்கள் பிரிவில் மூன்று அணி, முதலிடத்துக்கு மட்டும் அரையிறுதி. முதல் அணியை 6 பாயிண்டில் ஜெயித்தோம். அவர்கள் மூன்றாவது அணியை 10 பாயிண்டில் ஜெயித்தார்கள். கடைசி நாள் நாங்களும் மூன்றாவது அணியும். 18 செகண்ட் பாக்கி, ஒரு பாயிண்ட் பின்னால் இருக்கிறோம், பந்து அவர்கள் கையில். தோற்றால் முடிந்தது, ஃபவுல் செய்தால் கடிகாரம் நின்று பந்து நமக்குத் திரும்பும் என்று நினைத்து, "ஃபவுல் பண்ணு!" என்று கத்தினேன். எங்கள் கார்டு (பந்தைத் தட்டிக்கொண்டு முன்னே கொண்டுபோகிறவள்), பதினொன்றாம் வகுப்பு, நான் சொன்ன சொல்லைத் தட்டாதவள், பாய்ந்து கையைப் பிடித்தாள். அணி ஃபவுல் ஏற்கெனவே நான்கைத் தாண்டியிருந்தது. இரண்டு ஃப்ரீ த்ரோவும் உள்ளே. மூலையிலிருந்து அவள் எறிந்த கடைசிப் பந்து வளையத்தைச் சுற்றிவிட்டு வெளியே விழுந்தது. மூன்று பாயிண்டில் தோற்றோம்.

மூன்று அணிக்கும் ஒவ்வொரு வெற்றி. அப்படிச் சமன் ஆனால், அந்த அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் பாயிண்ட் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். அதுவும் சமன் என்றால் அந்த ஆட்டங்களில் அடித்த பாயிண்ட். எங்களுக்கு 6-ல் 3 போக, கூட்டல் 3. முதல் அணிக்கு 10-ல் 6 போக, கூட்டல் 4. மூன்றாவது அணிக்குக் கழித்தல் 7. நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் ஒரு பாயிண்டில் தோற்று, கூட்டல் 5-ஓடு முதலிடத்தில் இருந்திருப்போம். மேசைக்குப் போய்க் கணக்கைப் பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது. பஸ்ஸில் அந்தப் பிள்ளை, "நான் ஃபவுல் பண்ணியிருக்கக் கூடாதா மிஸ்?" என்று கேட்டாள். "நீ செஞ்சது சரி, நான் சொன்னது தப்பு" என்றேன்.

அதனால் நான் நடத்தும் போட்டியில், பிரிவின் கடைசி ஆட்டத்துக்கு முன் கரும்பலகையில் கணக்கை எழுதிவிடுவேன். அன்றைக்கு எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்: "இந்த அணி 1 பாயிண்டில் தோற்றாலும் முதலிடம். 2 என்றால் சமன், அடித்த பாயிண்ட் பார்க்கப்படும். 3 என்றால் வெளியே. எதிரணி 15 பாயிண்டில் ஜெயித்தால் முதலிடம்." இரண்டு பயிற்சியாளரையும் கூப்பிட்டுக் காட்டி, புரிந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் பந்தை மேலே போடச் சொல்வேன். ஐந்து நிமிஷ வேலை.

ஆட்சேபம் இருந்தால் ஆட்டம் முடிந்து 15 நிமிஷத்துக்குள் தலைமை நடுவரிடம் சொல்லி, ஸ்கோர் ஷீட்டில் கேப்டன் கையெழுத்துப் போட வேண்டும். இதைக் கேப்டன்களுக்கு முதல் நாளே சொல்லுங்கள். அந்த வயதில் தனக்கு அப்படி ஓர் உரிமை இருக்கிறது என்றே பல பேருக்குத் தெரியாது. ஸ்கோர் ஷீட்டில் வெள்ளைத் தாளும் நீலத் தாளும் நடத்துகிறவர்களுக்கு, இளஞ்சிவப்பு ஜெயித்த அணிக்கு, மஞ்சள் தோற்ற அணிக்கு. மஞ்சள் தாளை யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள். நீங்களே எடுத்துப் போய்க் கேப்டன் கையில் கொடுங்கள்.

கடைசி ஆட்டம் 6.30-க்கு முடியும். வெளியூர்ப் பக்கம் போகிற அணிகள் கட்டணமில்லாப் பேருந்துக்காக நிறுத்தத்தில் நிற்பார்கள், வர நேரமாகும். ஒரு டீச்சரை அங்கே நிறுத்துங்கள். எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று அவர் போன் பண்ணின பிறகு மேசையை மடக்குங்கள்.