ஜேம்ஸ் கிரெய்க் பாய்மரக் கப்பலில் அலுவலக விழா நடத்துவது எப்படி?

சிட்னியின் பிர்மான்ட் துறையில் நிற்கும் ஜேம்ஸ் கிரெய்க்கில் அலுவலக விழா நடத்த எண்ணுகிறவர்கள், விழா துறையில் கட்டி நிற்கும் கப்பலில் நடக்கப்போகிறதா, ஓடும் கப்பலில் நடக்கப்போகிறதா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். விருந்து, விருதளிப்பு, மேலதிகாரியின் உரை ஆகியவைதான் நோக்கம் என்றால் மாலை நேரத்தில் துறையிலேயே நடத்துவது நல்லது. கடலுக்குப் போவதாக இருந்தால் உரைகளைக் கயிறு அவிழ்ப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பாய் விரிந்த பிறகு ஒலிபெருக்கியின் பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள்.

நிகழ்ச்சி நிரலை நிமிடக் கணக்கில் எழுதாதீர்கள். மூன்று பாய்மரங்களில் முன்னதிலும் நடுவிலுள்ளதிலும் குறுக்குப் பாய்கள் கட்டப்பட்டிருப்பதால், இக்கப்பல் காற்று வரும் திசையை ஒட்டி ஓட இயலாது. சிட்னியில் கோடைப் பிற்பகல்களில் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து கடற்காற்று வீசும். துறைமுகத்தின் வாயோ கிழக்கு நோக்கியிருக்கிறது. எனவே அத்தகைய நாளில் வெளியே போகும்போது டீசல் எஞ்சினின் துணையும், திரும்பும்போது பாயின் முழு அழகும் கிடைக்கும் என்று எதிர்பார்த்து, உணவைப் போகும் வழியில் பரிமாறச் சொல்லலாம். ஹார்பர் பாலத்தின் அடியில் கடக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் பரிமாறலை நிறுத்தச் சொல்லுங்கள், அப்போது எல்லோரும் அண்ணாந்துதான் நிற்பார்கள்.

துறைமுக வாயைத் தாண்டியதும் கடலின் ஏற்ற இறக்கம் தெரியத் தொடங்கும். குமட்டல் வரக்கூடியவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டால் பெரிதாகப் பயனில்லை. குதிகால் உயர்ந்த செருப்பு கூடவே கூடாது என்பதையும், வழுக்காத தட்டைக் காலணியும் காற்றுக்கு ஒரு மேலங்கியும் தேவை என்பதையும் அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள். வெயில் கொளுத்தும் நாளிலும் காற்று திடீரெனக் குளிர்ந்த தென்காற்றாக மாறினால் சற்று நேரத்தில் உடல் நடுங்கும்.

விருந்தினர் பாய்க்கயிறு இழுக்க வாய்ப்புண்டா என்று முன்பதிவின்போதே கேட்டு வையுங்கள். குழுவை ஒன்றுசேர்க்கும் விளையாட்டுகள் என்று அலுவலகங்களில் நடத்தப்படுகிறவை எதுவும் இதற்கு ஈடாகாது என்பது என் கருத்து. மாலுமி குரல் கொடுக்கும்போது எல்லோரும் ஒரே மூச்சில் பின்னால் சாய்ந்து இழுத்தால்தான் கயிறு நகரும்; ஒருவர் முந்தினால் அவர் உள்ளங்கைதான் எரியும். தளத்தில் சுருட்டி வைத்த கயிற்று வளையத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. அது எந்த நொடியிலும் ஓடத் தொடங்கலாம்.

அழைப்பிதழில் கப்பலின் கதைக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். 1874இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் ‘கிளான் மெக்லவுட்’ என்ற பெயரில் கட்டப்பட்ட இந்த இரும்புச் சரக்குக் கப்பல், தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப் ஹார்ன் முனையை 23 முறை சுற்றி வந்தது. 1905இல் இப்போதைய பெயரைப் பெற்று, பின்னர் நியூகினியில் கொப்பரைக் கிடங்காகவும் தாஸ்மேனியாவின் ரெஷெர்ஷ் விரிகுடாவில் நிலக்கரிக் கிடங்காகவும் கிடந்து, 1932இல் கட்டறுந்து கரையில் ஒதுங்கியது. மறுபடியும் மிதந்து போகாதபடி அதன் பின்புறத்தில் வெடிவைத்துத் துளையிட்டார்கள். அந்தத் துளையை அடைத்து, 1972இல் தன்னார்வலர்கள் அதை மீண்டும் மிதக்கவிட்டார்கள். 1981இல் சிட்னிக்கு வந்த கப்பலின் சீரமைப்பு, இருபது ஆண்டு உழைப்புக்குப் பின் முழுமை பெற்றது.

இப்போதும் கப்பலை ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் பழங்கப்பல்களைப் பாதுகாக்கும் சிட்னி ஹெரிடேஜ் ஃப்ளீட் அமைப்பின் தன்னார்வலர்களே. ஆகவே தேதியைப் பல மாதங்களுக்கு முன்பே பேசி உறுதி செய்யுங்கள். கடலின் நிலையைப் பார்த்து மாலுமித் தலைவர் பயணத்தை ரத்து செய்தால் பணம் திரும்புமா, தேதி மாறுமா என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.